களனி கடலில் கலக்கும் இடத்தில்

சோளகம் தொடங்கி, மலைநாட்டில் இரண்டு நாள் விடாமல் மழை கொட்டினால், முகத்துவாரத்துக் கடலில் ஒரு கோடு விழும். கோட்டுக்கு இந்தப் பக்கம், பால் குறைந்த தேநீரின் நிறத்தில் ஆற்று நீர். அந்தப் பக்கம், பச்சை கலந்த நீலத்தில் கடல். கோட்டின் நெடுகிலும் நுரை, ஆகாயத்தாமரை, தேங்காய் மட்டை, பிளாஸ்டிக் போத்தல். சிவனொளிபாத மலைப் பக்கத்தில் பிறந்து 145 கிலோமீற்றர் ஓடி வரும் களனி, சுமந்து வந்ததையெல்லாம் இறக்கிவைக்கும் இடம் இது. தமிழில் முகத்துவாரம், சிங்களத்தில் மோதர. இரண்டு பெயரும் ஆற்றின் வாயைத்தான் சொல்கின்றன.

அந்தக் கலங்கலைப் பார்த்து நகரத்தார் முகம் சுளிப்பார்கள். கடலுக்குப் போகிறவர்களோ ஆற்றுநீரும் கடல்நீரும் உரசும் விளிம்பை விட்டுவைப்பதில்லை. மீன் அங்கேதான் கூடும். எதைத் தின்ன? ஆறு கொண்டுவரும் அழுகல் இலையையும் சாக்கடையையும் மீன் நேரே தின்பதில்லை. அழுகலுக்கும் மீனுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு பெருங்கூட்டம் நின்று சமைத்துக் கொடுக்கிறது. அந்தக் கூட்டத்தைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

தேக்கரண்டிக்குள் இரண்டு இலங்கை

ஒரு தேக்கரண்டி கடல்நீர் என்பது ஐந்து மில்லிலீற்றர். சாதாரணக் கடல்நீரில் அந்த அளவுக்குள் ஏறத்தாழ 50 இலட்சம் பற்றீரியாக்கள் இருக்கின்றன. வைரசுகள் அதைப்போல் பத்து மடங்கு, அதாவது 5 கோடி. இந்த நாட்டின் மொத்தச் சனத்தொகை சுமார் 2 கோடியே 20 இலட்சம்தான். ஆறு கலக்கும் இடங்களில் இரை அதிகம் என்பதால் எண்ணிக்கை இன்னும் ஏறும். பயப்பட வேண்டாம். இவற்றில் மிகப் பெரும்பாலானவை மனிதரைத் திரும்பிக்கூடப் பார்க்காதவை. கடல் வைரசுகளில் பெரும்பங்கு பற்றீரியாவைத் தாக்குபவை. கடலில் உள்ள பற்றீரியாக்களில் ஐந்தில் ஒரு பங்காவது ஒவ்வொரு நாளும் அவற்றால் வெடித்துச் சாகிறது என்பது ஆய்வாளரின் கணிப்பு.

இவ்வளவு பேர் இருப்பது நெடுநாள் தெரியாமலே இருந்தது. கடல் நுண்ணங்கியியலை ஒரு தனித் துறையாக நிறுத்தியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் இருந்த குளோட் சோபெல். 1946இல் அத்துறையின் பெயரையே தலைப்பாக வைத்து நூல் எழுதினார். அவர் காலத்தில் பெரிதும் புழங்கிய எண்ணும் முறை: கடல்நீரை அகார் தட்டில் ஊற்றி, முளைக்கும் புள்ளிகளை எண்ணுவது. அப்படி எண்ணினால் மில்லிலீற்றருக்குச் சில நூறு, மிஞ்சினால் சில ஆயிரம். 1970களில் ஒளிரும் சாயம் பூசி நுணுக்குக்காட்டியில் பார்த்தபோதுதான் தலை சுற்றியது. நூற்றில் தொண்ணூற்றொன்பது தட்டில் முளைப்பதே இல்லை! நாம் வைத்த சாப்பாடு அவற்றுக்குப் பிடிக்கவில்லை.

பிறகு வந்தவை வரிசையாக அதிசயங்கள். 1980களின் பிற்பகுதியில் சாலி சிஷோமும் ரொபர்ட் ஓல்சனும் கண்டறிந்த புரோகுளோரோகொக்கசு என்ற பற்றீரியா, ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தைந்நூறுக்கு மேல் வரிசையாக நிற்கக்கூடிய அளவுக்குச் சிறியது. ஆனால் சூரிய ஒளியில் உணவு சமைத்து ஒட்சிசன் விடும் உயிர்களில் எண்ணிக்கையால் உலகிலேயே முதலாவது. 1990இல் ஸ்டீபன் ஜியோவனோனியின் குழு சார்கசோ கடல் நீரிலிருந்து, மரபுப்பொருளின் தடயத்தை மட்டும் வைத்து, சார்-11 என்ற குலத்தைக் கண்டது. உலகக் கடல்களில் மிக ஏராளமான அந்தப் பற்றீரியாவை ஆய்வுகூடத்தில் உயிரோடு வளர்த்துக் காட்ட மேலும் 12 ஆண்டுகள் பிடித்தன.

அகார் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. 1881இல், ஜெர்மனியில் ரொபர்ட் கோக்கின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர் வால்டர் ஹெஸ். பற்றீரியா வளர்க்கும் ஜெலட்டின் வெயிலில் இளகிப்போவதாக அவர் குறைப்பட்டபோது, அவருடைய மனைவி ஃபன்னி ஹெஸ் தன் சமையலறையில் பயன்படுத்திய அகாரை எடுத்துக் கொடுத்தார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய ஒரு குடும்பத்திடம் கற்றுக்கொண்ட பக்குவம் அது. அகார் என்பது வேறொன்றுமில்லை, நோன்பு திறக்கும் வேளையில் கொழும்பு முஸ்லிம் வீடுகளில் பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி உறையவைக்கும் கடற்பாசிதான். யாழ்ப்பாணத்துக் களப்புகளிலும் புத்தளம், கற்பிட்டிப் பக்கத்திலும் எடுத்த பாசி, 'சிலோன் பாசி' என்ற பெயரில் ஒரு காலத்தில் வெளிநாட்டுக்குக் கப்பலேறியது. கடலின் நுண்ணங்கிகளை வளர்த்துப் பார்க்கவும் கடலே பாய் விரித்துக் கொடுத்திருக்கிறது.

அழுகல் எப்படி மீனாகிறது

லாகூரில் பிறந்த பாரூக் ஆசாம் 1983இல் தம் கூட்டாளிகளோடு ஒரு கட்டுரை எழுதினார். கடலில் கரைந்திருக்கும் சேதனப் பொருள், இலைச்சாறும் கழிவும் செத்த உயிர்களின் கசிவும், யாருக்கும் பயனின்றிக் கிடப்பதாகவே அதுவரை பெரும்பாலானோர் எண்ணியிருந்தார்கள். ஆசாம் சொன்னார்: பற்றீரியா அதை உறிஞ்சி உடம்பாக்குகிறது. அந்தப் பற்றீரியாவை ஒற்றைக்கல உயிர்கள் மேய்கின்றன. அவற்றைக் கூனிபோன்ற சின்ன மிதவைகள் தின்கின்றன, அவற்றைச் சாளையும் நெத்தலியும். கரைந்து தொலைந்ததாக நினைத்தது சுற்றி வந்து மீண்டும் வலைக்குள் விழுகிறது. நுண்ணங்கி வளையம் என்று அதற்குப் பெயர்.

முகத்துவாரத்தில் இந்த வளையம் இரட்டை வேகத்தில் சுற்றுகிறது. களனியோடு வரும் நைதரசனும் பொசுபரசும் மிதக்கும் அல்காக்களுக்கு உரம். கரைந்த அழுகல் பற்றீரியாவுக்குச் சோறு. கடல்நீரின் வெப்பமோ ஆண்டு முழுவதும் 27 பாகைக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. குளிர்நாட்டுக் கடலில் வசந்தம் வரும்வரை காத்திருக்கும் வேலை இங்கே ஒவ்வொரு நாளும் நடக்கிறது.

ஆனால் ஆற்றின் வாய்க்கு வருவது இலையழுகல் மட்டுமில்லை. இந்த இடத்தில்தான் கட்டுரையாளனுக்குக் கோபமும் வருகிறது.

நிலத்துக்கு அடியில் ஒரு நகரம்

கொழும்பின் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் 1906க்கும் 1916க்கும் இடையில் இடப்பட்டவை. நூறு வயது தாண்டிவிட்டன. நகரம் வளர்ந்தது, மாடிகள் எழுந்தன. கழிவு போகும் திசை மட்டும் மாறவில்லை. வடக்கே மாதம்பிட்டியில் இறைத்து முகத்துவாரக் கடலுக்கு, தெற்கே வெள்ளவத்தையில் இறைத்து வெள்ளவத்தைக் கடலுக்கு. 1980களில் இரண்டு இடத்திலும் கடலடிக் குழாய் போட்டு, கரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கும் அப்பால் கொண்டுபோய்க் கழிவை விடும் ஏற்பாடு வந்தது. சுத்திகரிக்காத கழிவு பல பத்தாண்டுகள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. கொட்டாஞ்சேனையில் குளித்த நீரும் வெள்ளவத்தையில் கழுவிய நீரும் ஒரே கடலில் போய்ச் சந்திக்கின்றன.

அப்படியானால் கொழும்புக் கடல் எப்போதோ நாறிச் செத்திருக்க வேண்டுமே, ஏன் சாகவில்லை? மறுபடியும் அந்தக் கூட்டம்தான் காரணம். மனிதக் குடலிலிருந்து வரும் பற்றீரியாவுக்குக் கடல் ஓர் அந்நிய தேசம். உப்பு அதன் தண்ணீரை உறிஞ்சுகிறது. நண்பகல் வெயிலின் புறஊதாக் கதிர் மரபுப்பொருளைக் குலைக்கிறது. மிச்சத்தை ஒற்றைக்கல மேய்ச்சல்காரர்களும் வைரசுகளும் பார்த்துக்கொள்கின்றன. தெளிந்த வெப்பக் கடலில், நல்ல வெயிலில், ஈ-கோலி பற்றீரியாவில் நூற்றுக்குத் தொண்ணூறு சில மணி நேரத்தில் ஒழிந்துவிடும். இரவில் பல மடங்கு நேரம் பிடிக்கும்.

நல்ல வெயில், தெளிந்த நீர் என்ற அந்த இரண்டு நிபந்தனைகளையும் கவனியுங்கள். மழை பெய்து களனி கலங்கி வரும் நாளில் வானம் மூடிக்கிடக்கும். சேறு கதிரை உள்ளே விடாது. மேலே மிதக்கும் நன்னீர்ப் படலத்தில் உப்பும் குறைவு. நகரத்தின் கால்வாய்கள் பொங்கி, குழாய்க்குள் அடங்காத கழிவையும் குப்பைமேட்டின் சாற்றையும் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு வருவதும் அதே நாளில்தான். கடலின் துப்புரவுத் தொழிலாளர் கைகட்டி நிற்கும் நேரம் பார்த்து நாம் அதிகக் குப்பையைக் கொட்டுகிறோம். கலிபோர்னியாவில் பெருமழைக்குப் பின் 72 மணி நேரம் கடலில் இறங்கவேண்டாம் என்று சுகாதாரத் துறையினர் அறிவிப்பது இதனால்தான்.

இதை அளக்கும் முறை எளிது. நூறு மில்லிலீற்றர் கடல்நீரை, பற்றீரியா நுழைய முடியாத நுண்துளைத் தாளில் வடிகட்டி, அந்தத் தாளை அகார் தட்டில் வைத்து, வெப்பப் பெட்டியில் மூடினால், ஒரு நாள் கழித்துப் புள்ளிகளை எண்ணலாம். கடலில் ஈ-கோலி சீக்கிரம் செத்துவிடுவதால், சற்றுத் தாக்குப்பிடிக்கும் என்டரோகொக்கசு என்ற குடல் பற்றீரியாவைத்தான் கடற்கரைக்கு அளவுகோலாக உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. அதன் 2003ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, மாதிரிகளில் மிகப் பெரும்பாலானவை 100 மில்லிலீற்றருக்கு 40க்குள் இருந்தால் நல்ல கடல். 500ஐத் தாண்டினால் குளிப்பவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் வயிற்றோட்டமோ வாந்தியோ வரலாம். இங்கே ஒரு சிக்கலும் உண்டு. அந்த எண்களுக்கு அடிப்படை, இங்கிலாந்தின் குளிர்ந்த கடலில் இறங்கிய ஆரோக்கியமான பெரியவர்களிடம் செய்த ஆய்வு. நாள் முழுவதும் இடுப்பளவு நீரில் வலை இழுக்கிறவருக்கும், களனியின் வாயருகே உள்ள காக்கைதீவில் மாலை முழுவதும் அலையில் புரளும் பிள்ளைகளுக்கும் அது அப்படியே பொருந்தும் என்று என்னால் ஒப்ப முடியவில்லை.

கடலுக்கே சொந்தமானவை

வெளியிலிருந்து வரும் கிருமி ஒரு பக்கம். கழிமுகத்திலேயே பிறந்து வளரும் சில உயிர்களோடும் நாம் பழகக் கற்க வேண்டும். விப்ரியோ குடும்பம் அப்படிப்பட்டது. வாந்திபேதிக் கிருமி மனிதக் குடலை விட்டால் வாழாது என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, அது உவர்நீரின் இயல்பான குடிமகன், மிதக்கும் சிறு ஓட்டுயிர்களில் ஒட்டி வாழ்கிறது என்று பல பத்தாண்டுகள் பாடுபட்டு நிறுவியவர் ரீட்டா கொல்வெல். அதை வைத்து அவர் கண்ட பரிகாரம் பங்களாதேஷ் பெண்களின் பழைய சேலை. நாலைந்து மடிப்பாக மடித்து, அதில் வடிகட்டிய நீரைக் குடித்த கிராமங்களில் வாந்திபேதி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஓட்டுயிர் துணியில் தங்கிவிட்டால் கிருமியும் தங்கிவிடுகிறது.

அதே குடும்பத்தில் இன்னொன்று, 1950இல் ஒசாக்காவில் நெத்தலிக் குஞ்சு தின்ற 272 பேரை நோயில் தள்ளி 20 பேரைக் கொன்று, விஞ்ஞானிகளின் கண்ணில் முதன்முறை பட்டது. மூன்றாவது ஒன்று, வெட்டுக்காயம் வழியாக உடம்பில் ஏறுவது. இளஞ்சூடான உவர்நீர் அதற்கு உகந்த இடம். நீரிழிவோ ஈரல் நோயோ உள்ளவருக்கு, தூண்டில் முள் கிழித்த சின்னக் காயமே இரண்டொரு நாளில் உயிராபத்தாக முடியலாம். காயம் பட்டால் உடனே நல்ல தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கழுவ வேண்டும். வீங்கிச் சிவந்து கொப்பளித்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போய், கடல்நீர் பட்ட காயம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் வைத்தியர் தெரிவு செய்யும் மருந்தையே மாற்றும்.

மீன்பிடித் துறைமுகத்துப் பனிக்கட்டிக்கும் பற்றீரியாவின் கதைதான் பின்னணி. சூரை, கெளவல்லா போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் செத்தபின் செவுளிலும் குடலிலும் இருந்த பற்றீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றுகிறது. தின்றவருக்கு முகம் சிவக்கும், தலை இடிக்கும், உதடு எரியும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் பழியை உடம்பின் மேல் போடுகிறோம். ஹிஸ்டமின் ஒருமுறை உண்டாகிவிட்டால் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழியாது. அது உண்டாகாமல் தடுக்க, மீன் செத்த நேரத்திலிருந்து பனிக்கட்டியை விட்டு எடுக்காமல் இருப்பதுதான் வழி. வாரக்கணக்கில் ஆழ்கடலில் நிற்கும் பலநாள் படகுகளுக்கு இது தொழிலின் உயிர்நாடி. ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்குச் சராசரி 100 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருந்தால் அந்த மீனை ஏற்பதில்லை.

பனிக்கட்டி இல்லாத காலத்து மனிதர்களும் சும்மா இருக்கவில்லை. அவித்து, புகையூட்டி, வெயிலில் கல்லாகக் காயவைத்த மாசி. கொறக்காய்ப் புளியில் புரட்டி வற்றவைத்த அம்புல் தியல். உப்பிட்ட கருவாடு. ஒன்று நீரை எடுத்துவிடுகிறது, ஒன்று புளிப்பை ஏற்றுகிறது, ஒன்று உப்பால் நெருக்குகிறது. மூன்றும் பற்றீரியாவின் கழுத்தைப் பிடிக்கும் வித்தைகள். உப்பையே விரும்பும் நுண்ணங்கிகளும் உண்டு என்பது வேறு கதை. ஈரம் பட்ட கருவாட்டின் மேல் இளஞ்சிவப்பாகப் படர்வது அவைதான். உப்பளப் பாத்தியில் உப்பு விளையும் கட்டத்தில் நீர் சிவப்பதும் அவற்றால்தான்.

மணிகள் மேல் ஒரு புதுக்குடி

2021 மே 20ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு வடமேற்கே சுமார் ஒன்பதரைக் கடல்மைல் தூரத்தில், எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியது. 1486 கொள்கலன்கள், அவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலம், ஏறத்தாழ 1680 தொன் பிளாஸ்டிக் மணிகள். பல நாள் எரிந்து, ஜூன் 2இல் கப்பலின் பின்புறம் கடலடியைத் தட்டியது. கரையெங்கும் பனி பெய்ததுபோல் வெள்ளை மணிகள் குவிந்தன. கடலில் கால் வைக்க முடியாத நாட்களில் முகத்துவாரத்திலிருந்து நீர்கொழும்பு வரை வலைகள் வீட்டிலேயே கிடந்தன. பிடித்த மீனையும் வாங்க ஆளில்லை. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம், கப்பல் தரப்பு நூறு கோடி டொலர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

மணிகளைப் பொறுக்கிச் சாக்கில் கட்டிய இராணுவத்தினரின் படங்களை எல்லோரும் பார்த்தோம். பொறுக்க முடியாமல் கடலில் தங்கியவை மேல் என்ன நடக்கிறது என்பதை நுண்ணங்கியியல்தான் சொல்லும். கடலில் விழுந்த எந்தத் துணுக்கின் மேலும் சில மணி நேரத்துக்குள் பற்றீரியா ஒட்டிக்கொண்டு, வழுவழுப்பான ஒரு படலம் நெய்துவிடும். வட அத்திலாந்திக்கில் எடுத்த பிளாஸ்டிக் துணுக்குகளை ஆராய்ந்த எரிக் செட்லர், டிரேசி மின்சர், லிண்டா அமரல்-செட்லர் மூவரும் 2013இல் அந்தக் குடியிருப்புக்குப் 'பிளாஸ்டிக் கோளம்' என்று பெயர் வைத்தார்கள். சுற்றியுள்ள நீரில் இருப்பவர் வேறு, துணுக்கின் மேல் இருப்பவர் வேறு. ஒரு துணுக்கில் இருந்தவர்களில் நாலில் ஒரு பங்கு விப்ரியோ குடும்பம். மரத்துண்டு மக்கிவிடும், இலை கரைந்துவிடும். பிளாஸ்டிக் மணியோ பல்லாண்டு மிதந்து, தன் மேல் ஏறிய குடிகளைக் கரை கரையாகக் கொண்டுபோகும். சாளையின் கண்ணுக்கு அது மீன்முட்டை.

எண்ணெய் என்றால் நிலைமை கொஞ்சம் வேறு. கடலடியில் இயல்பாகக் கசியும் எண்ணெயை இலட்சக்கணக்கான ஆண்டுகளாகத் தின்று பழகிய பற்றீரியாக்கள் இருக்கின்றன. எண்ணெய் கசிந்த இடத்தில் சில நாட்களில் அவை பெருகும். பிளாஸ்டிக் கடலுக்கு வந்து எழுபது, எண்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. அதைத் தின்று தீர்க்க அவை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

நடந்து போகிற தூரம்

இந்தக் கடலைப் படிக்கும் நாட்டின் தலைமை நிறுவனம் வேறெங்கோ இல்லை. 1981ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நாரா, அதாவது தேசிய நீரியல் வள ஆராய்ச்சி மற்றும் அபிவிருத்தி முகவர் நிலையம், காக்கைதீவில், களனியின் வாயருகேதான் இருக்கிறது. கொழும்பு 15. நீரின் தரத்தைப் பார்க்கும் பிரிவும், பிடித்த மீன் கெடாமல் காக்கும் வழியை ஆராயும் பிரிவும் அங்கே உண்டு. மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நடந்து போகிற தூரம்.

ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் வருகின்றன. ஆராய்ச்சி உலகோடு பேச அது வேண்டும், அதில் குறையில்லை. ஆனால் துறைமுகத்தில் பேசும் மொழிகள் தமிழும் சிங்களமும். மூன்று தலைமுறையாக இந்த நீரில் இடுப்பளவு நிற்கிறவருக்கு, அந்த நீரில் இன்று என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை மற்ற எல்லோரையும்விட முதலில் உண்டு என்று நான் நினைக்கிறேன். நகரத்தின் கழிவு முழுவதையும் ஏற்றுக்கொண்ட கரைக்கு, நகரம் திருப்பிக் கொடுக்கக்கூடிய மிகச் சிறிய மரியாதை ஓர் எண்.

எண் என்றால் ஓர் எண்தான். மீன் ஏலம் போடும் இடத்தில் ஒரு பலகை, காக்கைதீவுக் கடற்கரை வாசலில் ஒரு பலகை. இரண்டு மொழியில், நூறு மில்லிலீற்றரில் எத்தனை என்டரோகொக்கசு, எந்த நாள், எந்த இடத்தில் அள்ளிய நீர். தட்டு முறையில் இன்று அள்ளியதன் விடை நாளைதான் தெரியும். மரபுப்பொருளைப் பெருக்கிப் பார்க்கும் புதிய முறையில் மூன்று, நான்கு மணி நேரம் போதும். அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் 2012இலேயே அதைக் கடற்கரைகளுக்கு ஏற்றுக்கொண்டது. காலை ஆறு மணிக்கு அள்ளினால், பதினொரு மணிக்கு முன் பலகையில் எழுதலாம். தினமும் முடியாவிட்டால் வெள்ளிக்கிழமைதோறும் எழுதட்டும், பிள்ளைகள் கடலுக்கு வருவது சனி, ஞாயிறில். கடலில் அந்தக் கோடு விழும் மழை வந்தால் மட்டும், அடுத்த மூன்று நாளும் விடாமல் எழுத வேண்டும்.